நீடிய சாந்தம்: 'போதும்' என்ற சொல்லைத் தேடி ஒரு குறிப்பு

இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கி நாலு மாசம் ஆகிறது. இடையில் இரண்டு முறை முழுசாக அழித்துவிட்டேன். வழக்கமாக நான் எழுதுவது ஒரு சொல்லின் வரலாறு, ஒரு பழைய மொழிபெயர்ப்பைப் பற்றிய தகவல் என்று போகும். இதுவும் ஒரு சொல்லைப் பற்றியதுதான். ஆனால் அந்தச் சொல்லை நானே தப்பாகப் பயன்படுத்தி, அதனால் இன்னொருவர் அடிபட்டிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு இழுத்தடிப்பு.

என் அண்ணன் குடிப்பான். ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், ஆனால் அது பதினோரு வருஷக் கதை. வேலை போனது. அம்மாவின் செயின் அடகுக்குப் போனது, மீட்டேன், மறுபடியும் போனது. போன வருஷம் ஒரு ராத்திரி மதினி மேல் கை வைத்துவிட்டான். மதினி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. மூணாவது வாரம் நான்தான் போய்ப் பேசித் திரும்பக் கூட்டி வந்தேன். என்ன பேசினேன் என்றால், 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம். எங்கள் சபையில் ஞாயிறு சாயங்காலம் வேதபாட வகுப்பு எடுக்கிறவன் நான், அந்த அதிகாரம் எனக்கு நன்றாகவே பேச வரும். அன்பு பொறுக்கும், அன்பு தாங்கும், அன்பு கைவிடாது என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். மதினி பதில் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தாங்க.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் நடந்தது. இந்தத் தடவை மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் கேட்டாங்க:

"தம்பி, அன்பைப் பத்தி அவ்வளவு சொன்னிய. எல்லாத்தையும் தாங்கும்னு சொன்னிய. அதுல எங்கயாவது 'போதும்'னு எழுதியிருக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. "பாத்துச் சொல்லுதேன் மதினி" என்றேன். பார்த்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல். நம்முடைய பழைய வேதாகமத்தில் அன்பைப் பற்றிய வரிசை 'நீடிய சாந்தம்' என்பதோடு ஆரம்பிக்கிறது. கலாத்தியர் 5-இல் ஆவியின் கனிகளைச் சொல்லும் இடத்தில் அதே கிரேக்கச் சொல் 'நீடிய பொறுமை' என்று வருகிறது. மூலத்தில் இரண்டும் ஒன்றுதான்: மக்ரோதூமியா. 'மக்ரோஸ்' என்றால் நீளமானது. 'தூமோஸ்' என்றால் உள்ளே கொதித்து எழும்புவது, சினம். சேர்த்துப் பார்த்தால், நீண்டு போகிற கோபம் உடையவன், அதாவது கோபம் வந்து சேர வெகு தூரம் பிடிக்கிறவன்.

இதற்குப் பின்னால் ஒரு எபிரெயப் பேச்சுவழக்கு இருக்கிறது. யாத்திராகமம் 34-இல் கர்த்தர் மோசேயின் முன்பாகக் கடந்துபோகும்போது தம்மைப் பற்றிச் சொல்லும் குணங்களில் ஒன்று 'ஏரெக் அப்பாயிம்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மூக்கு நீண்டவர்'. எபிரெயத்தில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல்தான், கோபம் வந்தால் மூக்கு விடைத்து மூச்சு சூடாவதால் வந்த வழக்கு. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். "அவனுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்" என்று நாமும்தானே சொல்கிறோம். மூக்கு நீளமானால் சூடு நுனிக்கு வந்து சேர நேரமாகும். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் மூக்கை விட்டுவிட்டு 'மக்ரோதூமோஸ்' என்று போட்டார்கள். பவுல் கையில் இருந்தது அந்தச் சொல்தான்.

நான் வகுப்பில் பல தடவை சொல்லிக்கொடுத்த விளக்கம்தான் இது. ஆனால் ஒன்றைக் கவனிக்காமலே சொல்லியிருக்கிறேன். இந்தச் சொல் கோபமே இல்லை என்று சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வர நேரமாகிறது என்றுதான் சொல்கிறது. யாத்திராகமத்தில் அந்த வசனத்துக்கு அடுத்த வசனமே, குற்றவாளியைக் குற்றமற்றவன் என்று அவர் விட்டுவிடமாட்டார் என்பது. பொறுமையும் நியாயமும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. நான் மதினியிடம் பேசியபோது முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு சொல்லும் நம் வேதாகமத்தில் பொறுமை என்று வருகிறது: ஹூப்பொமொனே. 'கீழே' என்பதும் 'தங்கியிரு' என்பதும் சேர்ந்த சொல். பாரத்தின் கீழே நின்றுகொண்டிருப்பது. 1854-இல் புதிய ஏற்பாட்டின் ஒருபொருட் சொற்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய ரிச்சர்ட் டிரெஞ்ச் என்ற ஆங்கிலிக்கன் அறிஞர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். மக்ரோதூமியா மனிதரிடம் காட்டுவது, ஹூப்பொமொனே சூழ்நிலைகளிடம் காட்டுவது என்கிறார். அழகான பிரிவுதான், பிரசங்கத்துக்கு ரொம்ப வசதி. ஆனால் முழுக்கப் பொருந்தாது. யாக்கோபு 5-இல் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் விவசாயிக்கு மக்ரோதூமியா வருகிறது, மழை ஒரு மனிதர் இல்லையே. அதே இடத்தில் யோபுக்கு வருவது ஹூப்பொமொனே. "யோபு மாதிரி பொறுமையா இரு" என்று அழுகிறவர்களிடம் நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். யோபின் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், அந்த மனுஷன் அதிகாரம் அதிகாரமாக வாதாடுகிறார், முறையிடுகிறார், தேவனையே வழக்குக்கு அழைக்கிறார். யாக்கோபு 'பொறுமை' என்று குறிப்பிடுவது அந்த ஆளைத்தான். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அந்தப் பெயர் இல்லை.

இனி 13-ஆம் அதிகாரம். கலியாண வீட்டில் வாசித்து வாசித்து அது ஏதோ கலியாணத்துக்கென்று எழுதிய பகுதி என்றே நமக்குப் பழகிப்போச்சு. பவுல் அதை எழுதியது சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு, ஏறக்குறைய கி.பி. 53-க்கும் 55-க்கும் இடையில், எபேசுவிலிருந்து. நான் பவுலின் கட்சி, நான் அப்பொல்லோவின் கட்சி என்று பிரிந்திருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார்கள். கர்த்தருடைய பந்தியில் வசதியானவர்கள் முந்தி உட்கார்ந்து சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். (எங்கள் பக்கத்து ஊர்களில் அசனத்துக்கு எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 11-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். கொரிந்தியர் ஒரு அசனத்துக்காவது வந்து பார்த்திருக்கலாம்.)

கிரேக்கத்தில் 4 முதல் 7 வரையிலான வசனங்களில் அன்பைப் பற்றிப் பதினைந்து வினைச்சொற்கள் வருகின்றன. அன்பு இன்ன குணம் கொண்டது என்று ஒரு பெயரடைகூட இல்லை. தமிழில் 'உள்ளது', 'இல்லை' என்று வருவதால் நமக்கு அது குணப் பட்டியல் மாதிரி படுகிறது. மூலத்தில் எல்லாமே செய்வதும் செய்யாமல் இருப்பதும்தான். முதல் சொல் நீடிய சாந்தம், அடுத்த சொல் தயவு, அதுவும் வினை. புதிய ஏற்பாட்டில் அந்த வினைச்சொல் வேறெங்கும் வரவில்லை. பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பது பாதிதான், எதிராளிக்கு நல்லது எதுவோ அதைச் செய்வது மறுபாதி. குடிக்கிறவனுக்கு நல்லது எது? அவன் கேட்கும் ஐநூறு ரூபாயா? எனக்கு அது புரியவே வருஷங்கள் ஆயின.

அந்தப் பதினைந்தில் எட்டு எதிர்மறை வினைகள். அவற்றில் இரண்டு என்னை நேராகவே குத்தின. ஒன்று 'ஊ லோகிஸெத்தாய்'. தீங்கைக் கணக்கில் எழுதாது என்று பொருள்படும். லோகிஸோமாய் என்பது கணக்கு எழுதுகிறவர்கள் புழங்கும் சொல், பற்று எழுதுவது, வரவு வைப்பது.

என் பீரோவில் ஒரு நோட்டு இருந்தது. அண்ணன் எப்போது, எவ்வளவு, என்ன சொல்லி வாங்கினான் என்று ஏழு வருஷமாக எழுதி வந்த நோட்டு. மொத்தம் 1,84,500 ரூபாய். நகைக்கடன் ரசீதுகளும் அதற்குள்தான். தொகை மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன். 'பொய்', 'அம்மா முன்னால் அழுதான், நடிப்பு', 'இதுதான் கடைசி' என்றெல்லாம். 'இதுதான் கடைசி' என்பது ஒன்பது இடத்தில் இருந்தது. மதினியிடம் எல்லாவற்றையும் தாங்கச் சொன்ன ஆளின் பீரோவில் இது.

அப்படியென்றால் நோட்டை எரித்துவிட வேண்டுமா? நல்ல கிறிஸ்தவக் கதையாக இருந்தால் அப்படித்தான் முடியும். ஆனால் மத்தேயு 18-ஐ மறுபடி வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கடன்பட்ட ஊழியக்காரன் உவமை நமக்குத் தெரியும். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் மன்னிப்புப் பெற்று வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருஷம். அடைக்கவே முடியாத தொகை, கேட்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் நூறு வெள்ளிப்பணமும் ஒன்றும் சில்லறை இல்லை. மூன்று, நான்கு மாசச் சம்பளம் அது. இன்றைக்கு ஒரு நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்தால் 70,000. நம் பிரசங்கங்களில் 'வெறும் நூறு பணத்துக்காக' என்று சொல்லித் தாண்டிவிடுகிறோம். இயேசு அப்படிச் சொல்லவில்லை. நமக்கு நடந்த தீங்கு அற்பம் என்று அவர் எங்கேயும் பேசவில்லை.

இரண்டு கடன்காரர்களும் காலில் விழுந்து கேட்பது ஒரே வாக்கியம்தான், அதில் உள்ள வினையும் நம்முடைய மக்ரோதூமியாதான். என் மேல் கோபத்தைக் கொஞ்சம் நீட்டிவையுங்கள், தந்துவிடுகிறேன் என்கிறார்கள். ராஜா கேட்டதற்கு மேலேயே கொடுத்தார், கெடு கொடுக்காமல் கடனையே விட்டுவிட்டார். ஆனால் உவமை எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். ராஜா கணக்குப் பார்க்க உட்காருகிறார். எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் மன்னிப்பு வருகிறது. தொகை தெரியாமல் விட்டுவிட்டால் அதற்குப் பெயர் மன்னிப்பு இல்லை, கவனக்குறைவு.

அதனால் இரண்டு கணக்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நடந்தது என்ன, எவ்வளவு என்பது ஒன்று. அது உண்மையின் பக்கம் நிற்கிற கணக்கு, அன்பு சத்தியத்தில் சந்தோஷப்படும் என்று அதே வரிசையில் ஆறாம் வசனத்தில் இருக்கிறது. இன்னொன்று, என்றைக்காவது அவன் முகத்தில் வீசுவதற்கென்று சேர்த்துவைக்கிற கணக்கு. என் நோட்டில் தொகைகள் முதல் வகை, ஓரத்துக் குறிப்புகள் இரண்டாம் வகை. அந்த ஓரங்களை ஒரு ராத்திரி உட்கார்ந்து பேனாவால் அடித்தேன். அடித்தும் படிக்க முடிகிறது, அது வேறு விஷயம்.

என்னைக் குத்திய இரண்டாவது சொல் 'ஊ பாரொக்ஸூனெத்தாய்', எளிதில் மூண்டெழாது என்று சொல்லலாம். இதே வேரிலிருந்து வரும் பெயர்ச்சொல்லை லூக்கா அப்போஸ்தலர் 15-இல் பயன்படுத்துகிறார். யாரைப் பற்றி? பவுலையும் பர்னபாவையும் பற்றி. யோவான் மாற்கைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் இருவருக்கும் முற்றி, பிரிந்தே போனார்கள். அன்பு மூண்டெழாது என்று எழுதிய அதே பவுல்! பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குப் போனார். பிறகு கொலோசெயர் நிருபத்தில் மாற்கு பவுலோடு இருக்கிறார், இரண்டாம் தீமோத்தேயுவில் மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் கேட்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று வேதாகமம் சொல்லவில்லை. பர்னபாவின் பொறுமையைப் பற்றி ஒரு வசனமும் இல்லை, அவர் கூட்டிக்கொண்டு போனார் என்ற ஒரு வரிதான். இந்த விஷயத்தில் எனக்குப் பவுலைவிட அவரிடம்தான் அதிகம் கற்றுக்கொள்ள இருக்கிறது.

இப்போது மதினி கேட்ட அந்தச் சொல், 'தாங்கும்'. கிரேக்கத்தில் 'ஸ்டெகெய்'. 'ஸ்டெகே' என்றால் கூரை. மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை இறக்குவதற்காகப் பிரித்தார்களே, அந்தக் கூரைதான். அன்பு கூரை மாதிரி மூடும் என்றும், மேலே விழுவதைத் தாங்கும் என்றும் இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள இடமுண்டு. மூடும் என்பதை எடுத்துக்கொண்டு நம் குடும்பங்கள் செய்வது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்." மூடி மறைப்பதற்கு ஒரு வசனம் கிடைத்துவிடுகிறது. ஆனால் கூரை எதற்கு? கீழே இருப்பவர்கள் நனையாமல் இருப்பதற்கு. எங்கள் வீட்டில் அந்தக் கூரைக்குக் கீழே ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தாள், மதினி இருந்தாங்க. நாங்களோ அண்ணன் பேர் கெடக்கூடாது என்று அவனுக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டிருந்தோம்.

அன்பின் அதிகாரம் எந்த நிருபத்தில் இருக்கிறதோ அதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், தகப்பனுடைய மனைவியை வைத்திருந்த ஒருவனைச் சபையை விட்டு விலக்கச் சொல்கிறார் பவுல். மூடிவைத்ததற்காகச் சபையைக் கடிந்துகொள்கிறார். எழுதிய கை ஒன்றுதான். பிற்பாடு 2 கொரிந்தியர் 2-இல் தண்டிக்கப்பட்ட ஒருவனை மன்னித்துத் தேற்றுங்கள், அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகக் கூடாது என்றும் எழுதுகிறார். இருவரும் ஒரே ஆள்தானா என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. ஒரே ஆளோ இல்லையோ, விலக்குவதும் தேற்றுவதும் பவுலின் அன்புக்குள் ஒன்றாக இருந்திருக்கின்றன. மத்தேயு 18-உம் அப்படித்தான். ஏழெழுபது முறை மன்னிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போ, பிறகு இரண்டொருவரோடு போ, பிறகு சபைக்குச் சொல் என்ற வழிமுறை இருக்கிறது. உவமைக்குள்ளேயே கழுத்து நெரிபட்டவனுக்காகத் துக்கப்பட்டு ராஜாவிடம் போய்ச் சொல்கிறவர்கள் உடன் ஊழியக்காரர்கள். "நீங்க ஏன் பொறுக்கல?" என்று ராஜா அவர்களைக் கேட்கவில்லை.

கடைசியாக, 'போதும்' என்று எங்கேயாவது எழுதியிருக்கா என்ற கேள்வி. ஸ்டெகோ என்ற அந்த வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினேன். நான்கே நான்கு இடம், நான்கும் பவுலிடம்தான். இரண்டு இடம் 1 கொரிந்தியரில். மற்ற இரண்டும் 1 தெசலோனிக்கேயர் 3-ஆம் அதிகாரத்தில், முதலாம் வசனமும் ஐந்தாம் வசனமும். அங்கே பவுல் சொல்வது: இனி எங்களால் தாங்க முடியவில்லை. இனி என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு தடவை!

இதைக் கண்டபோது ராத்திரி பதினொன்றரை இருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் அங்கே சூழ்நிலை வேறு. தெசலோனிக்கேயர் பவுலுக்குத் தீங்கு செய்யவில்லை. உபத்திரவத்தில் இருந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தகவல் இல்லாமல் இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை, அதனால் தீமோத்தேயுவை அனுப்பினார். ஆகவே 'போதும், போய்விடு' என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்ட முடியாது. அப்படிக் காட்டினால் நான் முன்பு செய்த தப்பையே மறுபக்கமாகச் செய்ததாகும். ஆனால் இது ஒன்றை நிச்சயம் காட்டுகிறது. அன்பு எல்லாவற்றையும் தாங்கும் என்று எழுதியவர், சில வருஷங்களுக்கு முன்பு, அதே சொல்லை வைத்தே, என்னால் தாங்க முடியவில்லை என்று வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறார். முடியவில்லை என்றதும் அவர் உட்கார்ந்து தன்னைக் குற்றப்படுத்திக்கொள்ளவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்.

அதே நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், 5:14-இல், நான்கு கட்டளைகள் வரிசையாக வருகின்றன. ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள் என்ற பொருளில். நாலாவது எல்லாருக்கும் பொது. ஆனால் முதல் மூன்றும் ஆளுக்கு ஆள் வேறு. நான் செய்தது என்ன? ஒழுங்கில்லாதவனுக்குப் பணம் கொடுத்துத் தாங்கினேன், திடனற்றுப்போனவர்களுக்குப் புத்தி சொன்னேன். மருந்தைச் சரியாக வாங்கி, ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் மதினியிடம் போய்ச் சொன்னேன். கிரேக்கச் சொற்கள் இல்லாமல், சுருக்கமாக. மன்னிப்பும் கேட்டேன். "எழுதியிருக்கோ இல்லியோ, எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. நீங்க சொன்னதுனாலதான் வந்தேன்" என்றாங்க. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது மதினியும் பிள்ளையும் பாளையங்கோட்டையில் தனியாக வாடகை வீட்டில் இருக்காங்க. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்க முடியும் என்பதை அவங்களுக்குச் சொன்னது ஒரு வக்கீல் தோழி. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். இதை வாசிக்கிற யாருக்காவது தேவைப்பட்டால், பெண்களுக்கான உதவி எண் 181. சபையில் பொறுமையைப் பற்றி வகுப்பு எடுப்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அப்படியானால் நீடிய சாந்தம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, இப்போதுதான் எனக்கு அதைச் செய்ய வேண்டிய வேலையே வந்திருக்கிறது. முன்பு பொறுத்ததெல்லாம் மதினி. நான் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அண்ணன் என்னோடும் அம்மாவோடும் இருக்கிறான்.

குடியைத் திடீரென்று தானாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். அதுவரை "மனசு வச்சா விட்டுருவான்" என்றே நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்து முறைப்படி சிகிச்சை எடுத்தோம். வந்து மூணாம் மாசம் மறுபடி குடித்தான். மறுபடி சேர்த்தோம். இந்த மறுபடிதான் மக்ரோதூமியா என்று இப்போது நினைக்கிறேன். யாக்கோபு சொன்ன விவசாயி மாதிரி. எங்கள் தாமிரபரணிக் கரையில் கார் பொய்த்தால் பிசானத்துக்கு நாற்று விடுவார்கள். போன போகத்தைப் பற்றிப் புலம்புவார்கள், பலமாகவே புலம்புவார்கள், ஆனால் நாற்று விடுவார்கள்.

சில விஷயங்களை நானே வரம்பாக வைத்துக்கொண்டேன். குடித்திருக்கும்போது பேசுவதில்லை, காலையில் பேசுவேன். கையில் பணம் கொடுப்பதில்லை, மாத்திரை, சாப்பாடு, பஸ் டிக்கெட் எதுவானாலும் நானே வாங்கிக் கொடுப்பேன். மதினியிடம் தூது போக மாட்டேன். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு இதையே வேறு வார்த்தைகளில் வெகுநாளாகச் சொல்லி வருகிறது. அவன் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் அதை அடக்கவும் முடியாது என்று ஒத்துக்கொள்வதுதான் அங்கே முதல் பாடம். எனக்கு அது பாவ அறிக்கை மாதிரிதான் இருந்தது. என் பொறுமையால் அவனைத் திருத்திவிடலாம் என்ற ஒரு மறைவான பெருமை எனக்குள் இருந்திருக்கிறது. அதே வரிசையில் அன்பு இறுமாப்படையாது என்றும் இருப்பதை நான் வேகமாகக் கடந்து வந்திருக்கிறேன்.

இது முடியுமா என்று கேட்டால், தெம்பாக இருக்கும் நாளில் முடிகிறது. கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன் இரண்டாம் நூற்றாண்டு முடியும் காலத்தையொட்டிப் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். கிறிஸ்தவ உலகத்தில் ஒரு நற்குணத்துக்கென்று எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. அதை ஆரம்பிக்கும்போதே அவர், எனக்குப் பொறுமை கிடையாது, நோயாளி ஆரோக்கியத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவது மாதிரி நான் இதைப் பற்றிப் பேசுகிறேன் என்ற பொருளில் ஒத்துக்கொள்கிறார். தெர்த்துல்லியனின் மற்ற நூல்களை வாசித்தவர்களுக்கு அது அடக்கத்துக்காகச் சொன்னதில்லை என்று தெரியும். ஆள் உண்மையிலேயே முன்கோபி.

கொரிந்து சபையாவது அந்த நிருபத்தை வாசித்துத் திருந்தியதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, ரோமிலிருந்து அவர்களுக்கு இன்னொரு நிருபம் போகிறது, கிளமெந்து எழுதியதாகச் சொல்லப்படுவது. மறுபடியும் சண்டை. மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். பவுல் உங்களுக்கு எழுதினாரே, அதை எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, அன்பு எல்லாவற்றையும் பொறுக்கும் என்பதை மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறது அந்த நிருபம். ரோம் சபையார் அலுத்துக்கொண்டே எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதினார்கள்.

நோட்டை மதினியிடம் கொடுத்துவிட்டேன். நகைக்கடன் ரசீதுகள் அதில்தான் இருக்கின்றன, வக்கீலுக்குத் தேவைப்படும். போன வியாழக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் திடீரென்று கேட்டான், "ஏலே, அந்த நோட்டு எங்க?"

"மதினிகிட்ட இருக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா செயினை எவ்வளவுக்கு வச்சேன்னு அதுல இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நாற்பத்தொன்றாவது நாள்.